மூடுபனியில் ஒரு கோல்

கோப்பை வாங்கிய வருஷத்தைக் கேட்டால்
எனக்குக் கணக்கு தடுமாறும்.
எண்பத்தேழு நவம்பரைக் கேள், சொல்கிறேன்.

சைலீசியாவின் சுரங்கப் புகையும் பனியும் கட்டிப் புரண்டு
மைதானத்தைப் பாதிக்கு மேல் விழுங்கியிருந்தன.
எங்கள் கோல் கம்பத்துக்குப் பின்னால் நாங்கள்:
நான், ஒட்டிலியா, அவள் தம்பி எவால்ட்,
ராத்திரி ஷிப்ட் முடித்து
கண்ணோரக் கரி கழுவாத நாற்பது பேர்.
அந்தக் கோடி என்று ஒன்று இருப்பதே
வெறும் நம்பிக்கைதான்.

எண்பதாவது நிமிஷம் இருக்கும்.
தூரத்தில் ஓர் இரைச்சல்.
சந்தோஷமா, சண்டையா, தெரியவில்லை.
கோல்கீப்பர் ஹூபர்ட் திரும்பி
வலையில் மூஞ்சியை அழுத்திக் கேட்டான்:
"என்னாச்சு?"
எங்களையா கேட்கிறாய், பாவி!

பிறகு வாய்க்கு வாய் தாண்டி
வந்து சேர்ந்தது செய்தி: கோல். நமக்குத்தான்.
அடித்தவன் பெயர் மட்டும்
வழியில் மூன்று தரம் மாறியிருந்தது.
ஒட்டிலியா யாரையோ கட்டிப்பிடித்து முத்தமிட்டாள்;
கிட்டத்தில் பார்த்தால் எதிரணி ரசிகன்.
அவனும்தான் குதித்துக்கொண்டிருந்தான்.

ஹூபர்ட் இப்போது ரொட்டிக்கடை வைத்திருக்கிறான்.
சில்லறையை எண்ணித் தரும்போது
இன்னமும் கேட்கிறான், "என்னாச்சு?"
கோல் என்கிறேன்.
பின்னால் வரிசையில் நிற்பவர்கள்
எங்களை முறைக்கிறார்கள்.