டிசம்பர் மாத வாசிப்பு

குடையைக் கழுத்துக்கும் தோளுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டு
டோர்ச் அடித்து இலக்கம் பார்க்கிறேன்.
பகல் பதினொரு மணி. மழை இருட்டு.
நாய் இருக்கா என்று கேட்டுவிட்டுத்தான்
கேற்றைத் திறப்பது.
பதினாறு வருடத்தில் ஐந்து கடி.

இந்த ஊரின் நத்தாரை
நான் யூனிட்டில் அறிவேன்.
பார் வீதியில் ஒரு வீடு,
போன மாதம் எண்பத்தொன்று, இப்போது நூற்று முப்பது.
அவண் சூடு ஆறவில்லை.
கறுவாவும் ரோஸ் எசன்ஸும் வாசல்வரை வந்து
என்னை விசாரித்துவிட்டுப் போகின்றன.
அடுத்த வீட்டில் கட்டார் மகன் வந்திருக்கிறான்.
இந்தக் குளிருக்குள்ளும் ஏசி ஓடுகிறது.

மணிக்கூட்டுக் கோபுரத்தடியில்
காத்தான்குடி ஹில்மி நானா
பொலித்தீன் விரித்து நட்சத்திரம் விற்கிறார்.
நனைந்தது பாதி விலை.
நனைந்ததைத் தேடித்தான் சனம் வருகிறது.

கோயில் வாசலில் பையைத் திறந்து காட்டவேண்டும்.
ஒரு பிள்ளை
தன் தண்ணீர்ப் போத்தலின் மூடியையும் திறந்து நீட்டுகிறது.
பொலிஸ்காரர் குனிந்து பார்க்கிறார்.
இருவரும் சிரிக்கவில்லை.

தேத்தண்ணிக் கடையில் ஒரே பேச்சு:
முகத்துவாரம் வெட்டியாச்சா?
வெட்டாவிட்டால் படுவான்கரை வயல் போய்விடும் என்கிறார் ஒருவர்.
வெட்டினால் வாவி இறால் கடலுக்குப் போய்விடும் என்கிறார்
அதே வாங்கில் இருக்கும் மற்றவர்.
சீனி கேட்டு இருவரும் ஒரே நேரத்தில் கை நீட்டுகிறார்கள்.

டச்பாரில் எமல்டா செலர்.
போன மாதம் லைன் வெட்டியது நான்தான்.
சிவப்பு பில். மூன்று மாத நிலுவை.
நான் மேலே நின்றபோது
கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவர் அவர்.
"வழுக்கும் தம்பி, பாத்து."

இன்று அவருடைய மானி உறங்குகிறது.
கேற்றடியில் நட்சத்திரம் எரிகிறது.
சிவப்பு, ஒரு முனை நசிந்தது.
வயரைக் கண்ணால் பிடித்துக்கொண்டு போனேன்.
கொய்யாமரம்.
போத்தல் ஓடு பதித்த மதில்,
அதன்மேல் வயர் அறுபடாதிருக்க ஒரு துண்டு சைக்கிள் டியூப்.
மறுகா யோகமலர் ரீச்சர் வீட்டு யன்னல்.

இதற்கு என் பையில் படிவம் உண்டு.
மூன்று பிரதி.

கேக்கோடு வந்தார்.
"கரண்டை நீ வெட்டு, கேக்கை நான் வெட்டுறன்" என்று
தானே சொல்லித் தானே சிரித்தார்.
பிறகு நான் பார்ப்பதைப் பார்த்தார்.
"எரியுதா எண்டு பாத்தனான். ரெண்டு ராவைக்குத்தான்.
இருவத்தஞ்சு ராவே கழட்டிருவன்."

ஏன் என்று கேட்கவில்லை.
டச்பாரில் நான் அதைக் கேட்டதில்லை.
இருபத்தாறு விடியும்போது
கடலுக்குத் தெரியும்படி ஒரு வெளிச்சமும்
தன் வாசலில் நிற்கக் கூடாது என்பது அவர் கணக்கு.

அன்று காலை கந்தோரில்
மின்விசிறிகளை நிறுத்திவிட்டு எழுந்து நிற்போம்.
இரண்டு நிமிடம்.
ஒரு வருடம், நின்றபடியே,
எத்தனை யூனிட் மிச்சம் என்று கணக்குப் பார்த்துவிட்டேன்.
தொழில் புத்தி.
அந்த வெட்கம் இன்னும் நிலுவையில் இருக்கிறது.

ரீச்சர் யன்னலோடு நின்றார்.
"வாசிச்சிட்டீங்களா தம்பி?"
"வாசிச்சிட்டன் ரீச்சர்."
அவர் கை வயரின்மேல் இருந்தது,
இழுப்பதற்கும் விடுவதற்கும் நடுவில்.
எமல்டா செலர், பூச்சியம் என்று பதிந்தேன்.

மழை வலுத்தது.
கேக்கைச் சுற்ற ஒரு தாள் வேண்டியிருந்தது.
பையில் அந்தப் படிவம்தான் அகப்பட்டது.
முதல் பிரதியில் நெய் ஊறி
இரண்டாவதுக்கு இறங்கிக்கொண்டிருக்க
அடுத்த கேற்றில் நின்று
நாய் இருக்கா என்று கேட்டேன்.

இருக்கு என்றது நாயே.