உறுதி இல்லாத கிண்ணம்

கடைக்கு வந்தபோது அதன் வாயில் பாதி சுண்ணாம்பு.
சிப்பிக் குஞ்சுகள் குடியிருந்தன.
கிண்ணியா நிஸ்தார் சிலிண்டர் கட்டிச் சங்குக்குப் போன இடத்தில்,
மூதூர்ப் பக்கம், பதினொரு பாகத்தில்,
சேற்றுக்குள் கையில் தட்டியதாம்.
“சிரட்டை எண்டுதான் அக்கா நினைச்சன்.”
சிரட்டையை விடக் கறுப்பு.
ஒரு பழைய மேசை விசிறிக்கு மாற்றிக்கொண்டேன்.
விசிறி ஓடும். தலையைத் திருப்பாது.

மூன்று நாள் புளித்தண்ணீரில் கிடந்தது.
நாலாம் நாள் துடைக்கையில்
விளிம்பிலிருந்து அடிக்கு
மயிரிழை மயிரிழையாய்ச் செம்பழுப்பு இறங்கியது.
வெளிப்புறம் அந்தக் கறுப்பு வழிந்து வந்து
அடியைத் தொட ஒரு விரல் இருக்கையில்
தடித்த துளியாய் நின்றுவிட்டது.
விழப்போன துளி.
எத்தனை நூறு வருசமோ, இன்னும் விழவில்லை.

நான் அதில் சில்லறை போட்டேன்.
இரண்டு ரூபாய்க் குற்றிகள், ஒரு பூட்டுச் சாவி.

கப்பல் விளக்குத் தேடிக் கொழும்பிலிருந்து வந்த
விக்ரமதிலக ஐயா விளக்கை மறந்துபோனார்.
பொக்கற்றுக்குள் சின்ன ரோச் வைத்திருந்தார்.
குற்றிகளை ஒவ்வொன்றாய் எடுத்து
என் கணக்குக் கொப்பியின்மேல் அடுக்கினார்.
“இதுக்குப் பேர் முயல் மயிர்,” என்றார் பொறுக்கிய தமிழில்.
சீனத்தில் அந்தக் காலம் தேயிலையை மாவாக்கி
நுரை வர அடித்துக் குடிப்பார்களாம்.
நுரையின் வெள்ளை தெரிய வேண்டுமென்றே
கிண்ணத்தைக் கறுப்பாய்ச் சுட்டார்களாம்.
இரண்டு லட்சம் என்றார்.
நான் மூன்று.
அவர் பிடித்த முயலுக்கு இரண்டு கால்,
நான் பிடித்ததற்கு மூன்று.

பிறகுதான் கேட்டார்: கடிதம்?
கடலில் எடுத்ததென்றால் அரசாங்கம் கேட்கும்.
வீட்டில் வழிவழியாய் இருந்ததென்று
ஒரு கையெழுத்துப் போதும்.
போனில் அடித்தே வைத்திருந்தார்,
பெயருக்கு மட்டும் இடம் விட்டு.

எனக்குச் சிரிப்பு வந்தது.
எங்கள் வளவின் உறுதி
தொண்ணூறில் ஓடியபோது
எந்தப் பையோடு போனதென்று தெரியாது.
கச்சேரியில் ஏழு தரம் கேட்டுவிட்டார்கள், ஆதாரம்.
கிணறு இருக்கிறது, கக்கூசுக் குழி இருக்கிறது,
கரண்ட் பில் என் பேரில் வருகிறது.
போதாதாம்.
நிற்கிற வீட்டுக்கே கடுதாசி இல்லாதவள்
கடலில் கிடந்ததற்கு
ஒரு பாட்டனை எங்கே போய்ப் பிடிப்பது?

என்றாலும் இரண்டு தரம் வாசித்தேன்.
துறைமுகத்தில் கணக்கெழுதிய பாட்டனாம்,
கப்பல்காரன் கொடுத்த பரிசாம்.
ஆளை எனக்குப் பிடித்துப் போனது.
ஒரு நிமிசம்
மீசை வைத்தும் பார்த்தேன்.

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப்
பக்கத்துக் கடைக்குக் குரல் விட்டேன்.
“றிபாய், ஒரு பால் தேத்தண்ணி. இதுக்குள்ள.
நல்லா ஆத்தி ஊத்து.”
ஐயோ, சூடு, கீறல் இருக்கு, வெடிக்கும் என்று
ஐயா கதிரையை விட்டு எழும்பிவிட்டார்.
றிபாய் தலைக்குமேல் கையைத் தூக்கினான்.

வெடிக்கவில்லை.
கறுப்புச் சுவரில் நுரை ஏறி
விளிம்புக்குக் கீழே நின்றது.
அவ்வளவு வெள்ளையை அந்தக் கடையில்
நாங்கள் மூன்று பேரும் பார்த்ததில்லை.
வாசலில் ஒரு மான்
பாண் சுற்றிய கடதாசியைத் தின்றுகொண்டிருந்தது.
குமிழிகள் உடைகிற சத்தம் கேட்டது.

ஐயா இரண்டு கையாலும் ஏந்திக் குடித்தார்.
“உப்புக் கரிக்குது,” என்றார்.
றிபாய்க்குக் கோபம்,
மூன்று கரண்டி சீனி போட்டவன்.

வியாழன் வருவதாகச் சொல்லிப் போனவர்.
இது மூன்றாவது வியாழன்.

டொக்யாட் வீதி, மான்கள் படுக்கிற திருப்பம், கடைசிக் கடை.
மூன்று லட்சம். ஒரு கீறல். உறுதி இல்லை.
ஒரு மணியிலிருந்து இரண்டு மணி வரை பூட்டு.

விற்றால் மூன்றில் ஒன்று நிஸ்தாருக்கு.
அவனுக்கு இன்னும் சொல்லவில்லை.
விசிறி தலையைத் திருப்பவில்லை என்று
நேற்றும் சண்டைக்கு வந்தான்.