பூஜ்யம் புள்ளி மூன்று

விடுதியின் மூன்றாம் மாடியில்
ஆளுக்கொரு மரவாள் கொடுத்தார்கள்.
போகும்போது திருப்பித் தர வேண்டுமாம்.
இருபத்தாறு மேலாளர்கள், வெறும் காலுறையோடு,
கம்பளத்தின் மேல் நின்று காற்றை வெட்டினோம்.
பயிற்சி தந்தவர் முன்பு ஒசாகாவில் காப்பீடு விற்றவர்.
நேர்மை, துணிவு, பரிவு, மரியாதை,
வாய்மை, மானம், விசுவாசம்:
சாமுராயின் ஏழு குணங்களும் ஒரே அட்டையில்,
பணப்பைக்கு ஏற்ற அளவில்.
என் அட்டை ரயில் பாஸுக்குப் பின்னால் போனது.
மதியம் பொரித்த இறால் நன்றாக இருந்தது.

நாகஓகாவில் பிப்ரவரி என்றால்
நிலத்தடி நீரைப் பீய்ச்சிப் பனியைக் கரைக்கும்
தெருக்குழாய்கள்.
நீரில் இரும்பு அதிகம்;
எங்கள் சாலைகளுக்குத் துருவின் நிறம்.
புதிதாய் வருகிறவன் இங்கே போர் நடந்ததா என்பான்.
பனி பெய்தது, அவ்வளவுதான்.

செவ்வாய் இரவுப் பணியில்
ஒகிதா அளவுக்கருவியை மூன்று முறை துடைத்தான்.
மூன்று முறையும் அதே எண்.
பிரேக் வால்வு, பூஜ்யம் புள்ளி மூன்று மில்லிமீட்டர் கூடுதல்.
நாலாயிரத்து இருநூறு துண்டுகள்.
காலை ஆறரைக்கு லாரி.

இயக்குநர் குசகாபே கதவைச் சாத்தவில்லை.
சாத்தினால் அது ரகசியம், திறந்திருந்தால் வெறும் பேச்சு.
"நெசு, போன வாரம் பயிற்சிக்குப் போனாயே,
விசுவாசம் என்று ஒன்று சொல்லியிருப்பார்களே?"
சொன்னார்கள். ஏழாவது.
பழைய அளவையே எழுது என்று அவர் சொல்லவில்லை.
பேனாவை மேசையில் வைத்தார்,
முனை என் பக்கம் பார்க்க.

பயிற்சியில் சொல்லாத ஒன்று நினைவுக்கு வந்தது.
பிரபுவின் முன் அமரும் வீரன்
வாளைத் தன் வலப்பக்கம் வைப்பானாம்,
சட்டென்று உருவ வராத பக்கம்.
வெட்ட வரவில்லை, சொல்ல வந்தேன் என்று பொருள்.
நான் இடக்கைக்காரன்.
எனக்கு எது அந்தப் பக்கம் என்று
யோசித்துக்கொண்டே எழுதிவிட்டேன்:
பூஜ்யம் புள்ளி மூன்று.
ஒகிதாவின் முத்திரை விழ வேண்டிய கட்டத்தில்
என் முத்திரையை அழுத்தினேன்.
கை நடுங்கியதில் சிவப்பு கொஞ்சம் கலைந்தது.

லாரி காலியாகத் திரும்பியது.
ஏப்ரலிலிருந்து எனக்குக் கிடங்கு வேலை.
ஒகிதா ஒரு பெட்டி அரிசி பிஸ்கட்டோடு வந்து
ஒன்றும் சொல்லாமல் போனான்.
இரண்டு நாள் என்னை நானே மெச்சிக்கொண்டேன்,
குளியல் தொட்டியில்கூட நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

மூன்றாம் நாள் முள்ளங்கி துருவிக்கொண்டே மித்சுயே கேட்டாள்:
"ஆலையில் உண்மை சொல்ல உங்களுக்கு ஓர் இரவு போதும்.
சிதோசேயிடம் சொல்ல ஆறு வருஷம் பத்தாதா?"

மகளின் கல்யாணத்தன்று
ஆலையில் எந்த இயந்திரமும் பழுதாகவில்லை.
என்னைக் கேட்காமல் நாள் குறித்தாள் என்ற கோபத்தில்
கறுப்பு சூட்டோடு ஒரு நூடுல்ஸ் கடை வாசலில்
காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தேன், நாலு மணி நேரம்.
அந்த ரோஷத்துக்கு மானம் என்று பேர் வைத்திருந்தேன்,
அட்டை கைக்கு வருவதற்கு வெகுகாலம் முன்பே.

நாலாவது மணிக்கு எடுத்தாள்.
சொன்னேன். நூடுல்ஸ் கடையையும் சொன்னேன்.
போனில் பேசும்போதும் குனிகிற ஜாதி நாங்கள்;
குனிந்ததில் நெற்றி குளிர்பெட்டிக் கதவில் இடித்தது.

"என்ன சத்தம் அது?"

"குனிந்தேன்."

வெகு நேரம் அந்தப் பக்கம் ஒன்றுமில்லை.
யாரோ குழந்தை ஒன்று கரண்டியால் எதையோ தட்டியது.
யார் குழந்தை என்று கேட்க எனக்கு உரிமை இருக்கிறதா,
தெரியவில்லை.

"எவ்வளவு தூரம் குனிந்தீர்கள்?" என்றாள்.

அளவு எடுத்தே பழகிய எனக்கு
அதற்கு எண் வரவில்லை.
இன்னும் நிமிரவில்லை என்று மட்டும் சொன்னேன்.