வெள்ளை விட்ட இடம்

குசினிச் சுவரில் வெடிப்பு.
பென்சில் முனை நுழையும் அகலம்.
காப்புறுதிக்காரன் பெட்டிஃபர் வந்தான்.
வெடிப்பின் இரு கரையிலும் ஆணி அறைந்தான்,
இடைவெளியை அளந்து எழுதினான்.
"இது பழைய படைமுகாம் அல்லவா,
வரைபடம் இருந்தால் அனுப்புங்கள்" என்றான்,
போன வருடத்து மருந்துச் சீட்டைக் கேட்பதுபோல.

செம்ஸ்ஃபோர்ட் ஆவணக் காப்பகம்.
பேனை கூடாது. கோட்டைக் கழற்ற வேண்டும்.
தாளின் நான்கு மூலையிலும்
ஈயக் குண்டு வைத்து அமர்த்தினாள் தோரோகுட்.

முதல் தாளில்
ஷூபரினெஸ்ஸின் ஒவ்வொரு மரமும் தனித்தனியாக நின்றது.
பீரங்கிக் கொட்டகை, லாயம்,
மணமான சிப்பாய்களின் குடியிருப்பு, சலவைக்கூடம்,
அதை ஒட்டி மிளகளவு வட்டம்,
பக்கத்தில் ஒற்றை எழுத்து: கிணறு.
கொடிக்கம்பத்தைக்கூட விடவில்லை
அளந்தவன்.

இரண்டாம் தாளில்
தெரு முகாம் வாசல்வரை வந்து நின்றுவிட்டது.
அப்பால் வெள்ளை.
வெள்ளைக்கு அப்பால் மறுபடி கடல்,
பெருக்கு மட்டம், வற்று மட்டம்,
சேறு, சேறு, சேறு என மூன்று இடத்தில்.
எதிரி பார்க்கக் கூடாதாம்.
படகில் நின்றால் முழுவதும் தெரியும் கரை அது.
மறைந்தது என்னவோ
கொடியில் காய்ந்த போர்வைகள்தான்.

மூன்றாம் தாளும் வெள்ளை.
அதற்குள் யாரோ பென்சிலால்
ஒரு சிறு சதுரம் கீறி
'நாங்கள்' என்று எழுதியிருந்தார்கள்.
"அழிக்கவில்லையா?"
"அதுவும் ஆவணம்தான்" என்றாள் தோரோகுட்,
மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி.

எங்கள் கரைக்கும் ஒரு வெள்ளை வாய்த்தது,
இருபத்தேழு வருடம்.
அவளிடம் சொல்லவில்லை.
சொல்ல அங்கே தாள் இல்லை.

நான்காவது, இன்றையது:
கார் நிறுத்துமிடம், குப்பைத்தொட்டிக் கூண்டு,
பதினான்காம் இலக்கம், நான்.
ஒளி ஊடுருவும் தாளில் அதைப் பிரதியெடுத்து
முதலாவதின் மேல் மெல்ல இறக்கினாள்.
மிளகளவு வட்டம்
என் அடுப்புக்கு நேர் கீழே வந்து நின்றது.

பெட்டிஃபருக்கு எழுதினேன்.
ஒன்பது நாளில் பதில்:
கிணறு எப்போது, யாரால் தூர்க்கப்பட்டது
என்பதற்குச் சான்று இல்லை.
இடைப்பட்ட தாள்களில் அவ்விடத்தில் எதுவும் இல்லை.
ஆகவே, வருந்துகிறோம்.

இன்று இரவு பெருக்கு ஒரு மணிக்கு.
அடுப்பை ஒரு சாண் நகர்த்தினேன்.
தரையில் வட்டம் கீறினேன்,
வெடிப்பில் நுழைந்த அதே பென்சிலால்.
பக்கத்தில் எழுதினேன்:
கி.