ஊரில் இல்லாத நாட்கள்

பதுளைக் கச்சேரி வாசலில்
பக்கத்துக்கு ஐம்பது சதம் என்று
பிரசாவுரிமை மனு எழுதிக்கொண்டிருந்த காலம்.
மழைக்கு மேசை நகரும். விலை நகராது.

ஒச்சப்பன் வந்தது ஒரு வியாழக்கிழமை.
பசறைக்கு மேலே தோட்டம்.
கோட்டுப் போட்டிருந்தார், காலில் செருப்பில்லை.
மடியிலிருந்த மூக்குத்தூள் டப்பாவை
என் மேசையில் கவிழ்த்தார்.
வெள்ளிப் பதக்கம். ராசா தலை.
விளிம்பில் அவர் பெயர், எழுத்துப் பிழையோடு.
"மொதல்ல இத எழுதுங்கய்யா."

எதற்குக் கொடுத்தார்கள் என்றேன்.
ஆறு, என்றார்.
பர்மாவில், வாயில் நுழையாத பெயருள்ள ஆறு.
கோவேறு கழுதைகளைக் கரையேற்றிவிட்டுத்
திரும்ப இறங்கினாராம்.
ஒருத்தனைத் தூக்கி வந்தாராம்.
மறுபடி இறங்கி இன்னொருத்தனை.
மூன்றாவது ஆள் இருந்தானா என்று கேட்டேன்.
அவர் கழுதைகளின் பெயரைச் சொல்லத் தொடங்கினார்:
ராணி, சுருட்டு, நொண்டி லெச்சுமி...

மூன்று பக்கம் எழுதினேன்.
இரண்டுக்குத்தான் காசு வாங்கினேன்.

விசாரணையன்று மொழிபெயர்ப்பாளருக்குச் சுகமில்லை;
வாசலிலிருந்த என்னையே உள்ளே கூப்பிட்டார்கள்.
அதிகாரி நல்ல மனிதர்.
பதக்கத்தை ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்தார்,
ராசாவின் காதில் ஒட்டியிருந்த தூளுக்கு
இரண்டு தும்மல் போட்டார்,
சிரித்தார்.
பிறகு தோட்டத்துச் செக்ரோலைத் திறந்தார்.

நாற்பத்திரண்டு ஐப்பசியிலிருந்து
ஒச்சப்பன் பெயருக்கு நேரே
பேர் இல்லை, கைக்காசு இல்லை, அரிசி இல்லை,
மூன்று வருடம் வெறும் கோடு.

"இந்தக் காலம் எங்கே இருந்தார்?"
பதக்கத்தை நானே தொட்டுக் காட்டினேன்.
"அதுதான். தீவில் இல்லை.
தொடர்ந்த வசிப்பு அறுந்துபோயிற்று.
அத்தாட்சியையும் அவரே கொண்டுவந்திருக்கிறார்."

இதை நான் தமிழில் சொல்ல வேண்டும்.
தொடர்ந்த வசிப்புக்கு
லயத்துத் தமிழில் என்ன சொல்?
"நீங்க இங்க இல்லாமப் போயிட்டீங்களாம்" என்றேன்.
"ஆமா," என்றார், "அனுப்பினாங்களே."

வெளியே மழை பிடித்திருந்தது.
மேசையை உள்ளே இழுக்க ஒரு கை கொடுத்தார்.
டப்பா மடிக்குப் போய்விட்டது.
கொஞ்ச நேரம் கோட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார்.

"மறுமனுவில இத விட்டுட்டு எழுத முடியுமா?
மூணு வருசம் காச்சல்ல கெடந்தேன்னு?
லயத்துல பத்துப் பேர் சாட்சி சொல்லுவாங்க."

புதுத் தாள் எடுத்தேன்.
காய்ச்சல் என்று எழுதினேன்,
விட்டு விட்டு வரும் காய்ச்சல்,
எழுந்து நடக்க முடியாத காய்ச்சல்.
பக்கத்தில் நின்று எட்டிப் பார்த்தார்,
படிக்கத் தெரிந்தவரைப் போல.

எவ்வளவு, என்றார்.
அதே ஐம்பது சதம்தான் என்றேன்.