பதினோரு விநாடி

பழைய ட்யூபை உருவி
மொட்டைமாடிக் கொடியில் தொங்கவிட்டேன்.
ஒன்பது ஒட்டு.
மூன்று, பாலாற்று மணலில் வாங்கியவை, சீமைக்கருவேலம்.
அமிர்தி ரோட்டில் நெருஞ்சி இரண்டு.
மற்றதெல்லாம் ஓட்டேரிக்குப் பின்னால் இருக்கும் மலையில்,
சரியாக
பம்ப்பை வீட்டில் வைத்துவிட்டுப் போன நாட்களில்.

ரிம்மை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன்.
டேப் இரண்டு சுற்று.
முதல் சுற்று கோணிக்கொண்டது, பிய்த்தெறிந்து
மறுபடி இழுத்துப் பிடித்து,
கட்டைவிரலால் தேய்த்துத் தேய்த்து
ஒவ்வொரு குமிழியையும் ஓரத்துக்குத் துரத்தினேன்.
வால்வுக்கு ஓட்டை போட
மெழுகுவர்த்தியில் காய்ச்சிய ஊசி.

துணி எடுக்க வந்த கீழ்வீட்டு பர்வீன்
கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள்.
"ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில்,
தண்ணி இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை.
நம்ம ஊருக்கு இது ஒண்ணுதான் குறைச்சல்,
ட்யூப் இல்லாத டயர்."
சாமி எப்பவோ வந்துட்டாரே என்றேன்.
ஆத்துலகூட ஒரு வருஷம் பாலத்தைத் தொட்டுக்கிட்டுத் தண்ணி போச்சே.
"அப்ப ட்யூபும் திரும்பி வரும்" என்று
வாளியைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டாள்.

கைப்பம்ப்பில் நூறு அடி.
டயர் பெருமூச்சு விட்டது, அவ்வளவுதான்.
இருநூறு. தோள் வலிதான் மிச்சம்.
ஸ்கூட்டியின் முன்னால் சக்கரத்தைச் சாய்த்து வைத்துக்கொண்டு
காட்பாடி ரோடு பங்க்குக்குப் போனபோது மணி ஒன்பதரை.
காற்று பிடிக்கும் தணிகைவேல்
டயரை அமுக்கிப் பார்த்தான்.
"உள்ள ஒண்ணுமே இல்லியேக்கா."
ஒண்ணும் இருக்கக் கூடாது, நீ அடி.
ஓரம் முழுக்க சோப்புத் தண்ணீர் தடவினேன்.
ஒரே மூச்சில் கம்ப்ரஸர் காற்று.
டப்.
தள்ளி இன்னொரு டப்.
பங்க் நாய் எழுந்து ரோட்டைத் தாண்டி ஓடியது.
தணிகைவேல் இரண்டடி பின்னால் நின்று சிரித்தான்,
காசு வாங்கவில்லை.

இரவு, வால்வு வழியாக
சிரிஞ்சில் நூறு மில்லி சீலன்ட்.
கறந்த பால் மாதிரி வெள்ளை.
குலுக்கி, சுழற்றி,
வாளியின் மேல் படுக்கவைத்து, புரட்டி,
பக்கச்சுவரில் பூத்த நுரையெல்லாம் அடங்கும்வரை
பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

பகலில் எனக்கு ட்யூபோடுதான் பிழைப்பு.
நீல மூடி போட்டவை.
ரத்தம் எத்தனை விநாடியில் உறைகிறது என்று பார்க்கும் வேலை.
முப்பது, முப்பத்திரண்டு, இருபத்தெட்டு.
எண்ணாமல் இருக்கத் தெரியாது,
பால் பொங்கினாலும் எண்ணுவேன்.
ஆரணியிலிருந்து ஒன்று வரும்.
ம. யுகேந்திரன், ஆண், ஒன்பது.
தொண்ணூறு தாண்டியும் ஓடிக்கொண்டே இருக்கும்.
ஒன்பது, கீழே விழுகிற வயது.
சைக்கிள் ஓட்டுவானா என்று
லேபிளில் எழுதியிருக்காது.

ஞாயிறு காலை மலையேற்றம்.
இருபத்திரண்டில் காற்று.
டயர் பாறையை மிதிக்கவில்லை,
கையால் தடவிக்கொண்டு போனது.
இறக்கத்தில், உடைகல் குவியலுக்குப் பக்கத்தில்
உஸ்ஸ்.
என் சுண்டுவிரல் நீளத்துக்கு
கருவேல முள்.
ஓட்டை கீழே வரும்படி சக்கரத்தைத் திருப்பினேன்.
ஒன்று, இரண்டு,
வெள்ளையாகத் துப்பியது,
ஐந்து, ஆறு,
முழங்காலில் தெறித்தது,
ஒன்பது,
ஒரு குமிழி பெரிதாகி யோசித்தது,
பதினொன்று.
அமைதி.
கீழே எங்கோ ஒரு கிரானைட் லாரி கியர் மாற்றியது.
முள்ளைப் பிடுங்கவில்லை.
அப்படியே ஓட்டிக்கொண்டு வந்தேன்,
ஒவ்வொரு சுற்றுக்கும் தரையில்
டிக், டிக்.

திங்கட்கிழமை இரண்டாவது தட்டில்
நீல மூடி, ஆரணி.
பட்டனை அழுத்தினேன்.
பதினொன்றில்
நான் எண்ணுவதை நிறுத்திவிட்டேன்.
மெஷின் நிறுத்தவில்லை.