பதினோரு தலை

காலையில் ஒரு படம், மத்தியானம் ஒரு படம்.
இரண்டும் ஏறினால்தான்
நாங்கள் வேலைக்கு வந்தவர்கள்.
மண்ணை அப்புறம் அளந்துகொள்வார்கள்,
முதலில் முகம்.

நான்தான் பொறுப்பாளர். அதாவது
வீட்டுக்காரரின் கீறல் விழுந்த போன்
என் இடுப்பில் இருக்கிறது.
நாகலூருக்கு மேலே, காப்பித் தோட்டத்து வேலியை ஒட்டி
நாங்கள் கல்வரப்பு கட்டுகிற சரிவில்
சிக்னல் ஒரு கோடுகூட நிற்காது.
படத்தைப் பிடித்துக்கொண்டு டவர் பாறைக்கு ஏறுவேன்.
(டவர் ஒன்றும் அங்கே இல்லை,
பேர் நாங்கள் வைத்தது.)
வட்டம் சுற்றும்.
பனி வந்து மூடும், விலகும்,
வட்டம் சுற்றும்.
சேர்வராயனைக் கும்பிடுகிறவள் மாதிரி
தலைக்கு மேல் போனைத் தூக்கி நிற்பேன்.
பாறைக்குக் கீழே மண்வெட்டிச் சத்தம்
ஒருமுறை நிற்கும்.
"ஏறிடுச்சா?"
இல்லை.
மறுபடி சத்தம்.

ஐப்பசியில் ஆறு நாள் ஏறவே இல்லை.
பதினோரு பேரும் ஆப்சென்ட்.
குப்பாயி கேட்டாள்:
"அப்ப இந்தக் கல்லையெல்லாம் யாரு தூக்கி வச்சா,
காட்டுமாடா?"

அந்த ஆறில் நாலாம் நாள்தான்
மஞ்சள் சட்டை போட்டவன் வந்தான்.
சேலத்திலிருந்து இருபது வளைவும் பைக்கில் ஏறி,
முக்காலி நட்டு, முடியைக் கோதி,
"அக்கா, கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா?" என்றான்.
வரப்பு அங்கேதான் இருந்தது, எப்படித் தள்ளுவது?
அவன் ஆடினான்.
நாங்கள் கல் சுமந்தோம்.

பத்து நாள் கழித்து வெள்ளச்சியின் மகள்
கோரிமேட்டு ஹாஸ்டலிலிருந்து கூப்பிட்டாள்.
"அம்மா, நீ ரீல்ஸ்ல வர்ற."

பார்த்தோம், கடைக்காரர் போனில், தலையோடு தலை இடித்து.
அவன் தோளுக்குப் பின்னால் நாங்கள்,
மெதுவாக, ரொம்ப மெதுவாக.
பாண்டிலிருந்து ஒரு கை மண் விழுந்து முடிய
அவ்வளவு நேரம் ஆனது.
சடைச்சி மூக்கைச் சிந்துவதுகூட
ஏதோ சாமி காரியம் போல இருந்தது.
அடியில் ஒரு இதயம், பக்கத்தில் ஏழு லட்சம்.

ஏழு லட்சம் பேருக்கு நாங்கள் பிரசென்ட்.

ஒன்றிய ஆபீசுக்குப் போனோம்.
"பாருங்க சார், தேதி இருக்கு, கல்லு இருக்கு,
எண்ணிக்கோங்க, பதினோரு பேர்."
சார் சிரித்தார். "இதை நான் முன்னாடியே பாத்துட்டேனே!
எம் பொண்ணு அனுப்பிச்சா."
ஆனால் இது ஆப்பில் எடுத்தது இல்லையே, என்றார்.
இன்னொரு தடவை ஓடவிட்டுப் பார்த்தார்.
கூலி வரவில்லை. இன்றைக்கு வரைக்கும்.

வந்தது வேறு.
ஞாயிற்றுக்கிழமை ஆனால் பைக், கார், ஒரு வேன்.
"அந்த ஸ்பாட் எங்கக்கா?"
பேரே இல்லாத எங்கள் சரிவுக்கு
மேப்பில் பேர் விழுந்திருக்கிறதாம்:
மேகப் படிக்கட்டு.
கல் வரப்புங்க அது, மழைத்தண்ணி நிற்கக் கட்டினது,
மேலே ஏறாதீங்க என்றால்
ஏறி நின்று கேட்கிறார்கள்.

மஞ்சள் சட்டைக்காரனும் திரும்பி வந்தான்,
வார நாளில், இரண்டாம் பாகம் எடுக்க.
அவன் சிம்முக்கு மட்டும் அங்கே மூன்று கோடு.
பார்த்துவிட்டாள் குப்பாயி.
"தம்பி, தள்ளி நிக்கறோம். பதிலுக்கு
அந்த ஹாட்ஸ்பாட்டைக் கொஞ்சம் போட்டு விடு."

நான் பாறை ஏறவில்லை அன்று.
வரப்பில் நின்றபடியே எடுத்தேன், அனுப்பினேன்,
வட்டம் ஒரு சுற்று சுற்றி, பச்சை டிக்.
பதினோரு பேரும் கைதட்டினார்கள்,
என்னவோ நான் பிள்ளை பெற்ற மாதிரி.

சாயங்காலம் நாகலூர்க் கடையில் சர்க்கரை வாங்கும்போது
ஆபீசிலிருந்து போன்.
"ஏம்மா, மத்தியானப் படத்துல பன்னிரண்டு தலை இருக்கு.
ஓரத்துல மஞ்சளா நிக்கறது யாரு?"

சர்க்கரையை வாங்க மறந்து நின்றேன்.
ஒரு வருசமாக அனுப்புகிறேன்.
அந்தப் படங்களை
ஒருவர் பார்க்கிறார் என்பதே
அன்றைக்குத்தான் தெரியும் எனக்கு.